தஞ்சோங் பியாய் சேற்றில் இறங்கும் வெளியூர் விருந்தாளிகள்

ஜொகூர், பொந்தியான் மாவட்டத்தின் தென்மேற்கு மூலையில் இருக்கிறது தஞ்சோங் பியாய். ஆசியக் கண்டத்தின் பெருநிலம் இங்கேதான் முடிகிறது. விடுமுறை நாள்களில் குடும்பத்தோடு வருபவர்கள் தென்கோடி அடையாளச் சின்னத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு குக்குப் பக்கம் போய் மீனும் இறாலும் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, அந்தப் பலகை நடைபாதைக்கு அப்பாலுள்ள சேற்றில் சைபீரியாவிலிருந்தும் மங்கோலியாவிலிருந்தும் வந்த பறவைகள் இரை தேடிக்கொண்டிருப்பதைக் கவனிப்பவர்கள் குறைவு.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பறவை புதிதல்ல. விடியற்காலையில் கூவும் குயிலையும், அல்லூர் ஓரம் ஓடும் ருவாக்-ருவாக் என்ற கானாங்கோழியையும், மின்கம்பியில் உட்காரும் மீன்கொத்தியையும் பெயர் சொல்லி அழைத்த தலைமுறை இது. அந்தப் பழக்கத்தைக் கடற்கரைக்கும் கொண்டுபோக விரும்புகிறவர்களுக்கு ஜொகூரில் தஞ்சோங் பியாயைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

மூன்று ஈரநிலங்கள்

பியாய் என்பது அலையாத்திக் காட்டுச் சேற்றில் வளரும் ஒரு பெரிய பெரணிச் செடியின் மலாய்ப் பெயர். அந்தச் செடியின் பெயரே முனைக்கும் வந்தது. இங்குள்ள காடு பெரும்பாலும் பாக்காவ் மரங்களும் ஆப்பி-ஆப்பி மரங்களும் நிறைந்தது. பாக்காவ் மரத்தின் முட்டுவேர்கள் நண்டுக்கால்கள் போலச் சேற்றில் ஊன்றி நிற்கும். ஆப்பி-ஆப்பி மரத்தின் மூச்சுவேர்கள் பென்சில்கள் நட்டுவைத்தது போல மண்ணிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும்.

2003 ஜனவரி 31ஆம் நாள், ஜொகூரின் மூன்று இடங்கள் ஒரே நேரத்தில் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. தஞ்சோங் பியாய் ஒன்று. அதற்கு வடமேற்கே, குக்குப் மீனவக் கிராமத்திற்கு எதிரில் கடலில் இருக்கும் பூலாவ் குக்குப் தீவு இரண்டாவது. கிழக்கே இருக்கும் சுங்கை பூலாய் முகத்துவாரம் மூன்றாவது. ராம்சார் என்பது ஈரான் நாட்டு நகரம். 1971இல் அங்கே கையெழுத்தான உலக உடன்படிக்கையின்படி, நீர்ப்பறவைகளுக்கும் மற்ற உயிர்களுக்கும் முக்கியமான ஈரநிலங்களை அந்தந்த நாடுகள் பட்டியலில் சேர்த்துப் பாதுகாக்க ஒப்புக்கொள்கின்றன. பரப்பில் தஞ்சோங் பியாய் சிறியது, 526 ஹெக்டர். பூலாவ் குக்குப் 647 ஹெக்டர். சுங்கை பூலாய் 9,126 ஹெக்டர். தஞ்சோங் பியாய் பூங்காவை ஜொகூர் தேசியப் பூங்காக் கழகம் நிர்வகிக்கிறது.

எங்கிருந்து வருகின்றன?

வடக்கே குளிர்காலம் தொடங்கியதும் சைபீரியா, மங்கோலியா, வட சீனா ஆகிய இடங்களில் நிலம் உறையத் தொடங்கும். உறைந்த மண்ணில் புழுவும் பூச்சியும் கிடைக்காது. அதனால் அங்கே குஞ்சு பொரித்த பறவைகள் தெற்கே கிளம்புகின்றன. ரஷ்யாவின் வடதுருவப் பகுதியிலிருந்தும் அலாஸ்காவிலிருந்தும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை நீளும் இந்த வான்வழிக்குக் கிழக்காசிய-ஆஸ்திரேலிய வழித்தடம் என்று பெயர். 22 நாடுகள் இதில் அடங்கும். ஐந்து கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் இதைப் பயன்படுத்துவதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. மலேசியா அந்த வழியின் நடுவே இருக்கிறது.

அவற்றின் பயணம் எவ்வளவு கடினமானது என்பதற்கு ஒரு சான்று உண்டு. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்து மாதமே ஆன ஒரு பட்டைவால் மூக்கன், முதுகில் பொருத்திய கருவியோடு அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியா வரை எங்கும் இறங்காமல் 11 நாள்களில் 13,560 கிலோமீட்டர் பறந்தது. கடல்மேல் அது உண்ணவும் இல்லை, நீர் குடிக்கவும் இல்லை. புறப்படுவதற்கு முன் உடலில் சேர்த்துவைத்த கொழுப்புதான் அதற்கு எரிபொருள். பயணத்துக்கு முன் இப்பறவையின் குடல் போன்ற உறுப்புகள் சுருங்கி எடையைக் குறைத்துக்கொள்ளும் என்றும் ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர்.

எல்லாப் பறவைகளும் அப்படி ஒரே மூச்சில் பறப்பதில்லை. பெரும்பாலானவை இடையிடையே இறங்கித் தின்று, கொழுப்பு ஏற்றிக்கொண்டு மறுபடி கிளம்புகின்றன. நெடுந்தூர பஸ் வழியில் சாப்பாட்டுக்கு நிறுத்தும் இடங்கள் போன்றவை இந்தச் சேற்றுக் கரைகள். வழியில் ஒரு கடை மூடியிருந்தால் பயணி பசியோடு அடுத்த ஊர் வரை போய்விடுவார். ஐம்பது அறுபது கிராம் எடையுள்ள பறவைக்கு அது முடியாது.

வலசை என்பது தமிழருக்குப் புதிய செய்தியும் அல்ல. சத்திமுத்தப் புலவர், தென்குமரியில் நீராடி வடக்கே திரும்பும் நாரையிடம், வழியிலுள்ள தம் ஊரில் தங்கி மனைவிக்குச் செய்தி சொல்லும்படி கேட்டுப் பாடியதைப் பள்ளியில் படித்தவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். பறவைகள் காலம் பார்த்து இடம் மாறுவதையும், இடையில் தங்குவதையும் கவனித்தவரால்தான் அப்படிப் பாட முடியும்.

சேற்றுக்குள் என்ன இருக்கிறது?

கடல் வற்றும்போது வெளியே தெரியும் சேற்றுப்பரப்பு வெறுமையாகத் தோன்றும். உள்ளே புழுக்கள், சிப்பிகள், சின்ன நண்டுகள், இறால் குஞ்சுகள் நிறைந்திருக்கும். ஒரே சேற்றில் பல வகைப் பறவைகள் சண்டையில்லாமல் மேய்வதற்குக் காரணம் அவற்றின் அலகு.

உப்புக்கொத்திக்கு அலகு குட்டை, கண் பெரிது. மேற்பரப்பில் அசைவதைப் பார்த்து ஓடிப்போய்க் கொத்தும், நிற்கும், மறுபடி ஓடும். பவளக்காலிக்கு நடுத்தர நீள அலகு. செக்கச்செவேலென்ற கால்களால் அதை எளிதில் அடையாளம் காணலாம். உள்ளான்கள் கூட்டமாகத் தலை குனிந்து தையல் இயந்திர ஊசி போலச் சேற்றைக் குத்திக்கொண்டே போகும். சிறிய கோட்டானுக்கு அலகு நீளமாகக் கீழ்நோக்கி வளைந்திருக்கும். நண்டு வளைக்குள் அதை விட்டு நண்டைப் பிடித்து இழுக்கும். ஆக, ஒவ்வொன்றும் வெவ்வேறு ஆழத்தில் இரை எடுக்கிறது.

அதே சேற்றில், துடுப்புகளை ஊன்றித் தாவித் திரியும் பெலாச்சாக் மீன்களையும் பார்க்கலாம். சின்னக் கொக்கும் வக்காவும் அவற்றுக்காகக் காத்திருக்கும்.

காட்டுக்குள்ளும் வானத்திலும்

இப்பகுதிக்குப் பெயர் வாங்கித் தந்த பறவை, மலாய்க்காரர்கள் புரோங் போத்தாக் என்று சொல்லும் பெருநாரை. போத்தாக் என்றால் வழுக்கை. தலையிலும் கழுத்திலும் இறகு இல்லாமல், ஓர் ஆளின் இடுப்புக்கும் மேலே உயர்ந்து நிற்கும் இந்தப் பறவை, கை கட்டிய பெரியவர் போலச் சேற்றில் மெல்ல நடக்கும். இது வலசை வருவது அல்ல, இங்கேயே வாழ்வது. உயரமான மரமும் அமைதியான சேறும் இரண்டும் வேண்டும் என்பதால் இதன் வாழிடம் குறைந்துகொண்டே வருகிறது. பூலாவ் குக்குப்பும் தஞ்சோங் பியாயும் இதற்கு மிஞ்சியிருக்கும் முக்கியமான இடங்கள்.

மரங்களுக்கிடையே வெண்கழுத்து மீன்கொத்தியின் உரத்த சத்தம் கேட்கும். தேன்சிட்டுகள் பூக்களில் தொங்கும். வாலை விசிறி போல விரித்து விரித்துத் துள்ளும் விசிறிவால் குருவியை மலாயில் முராய் கீலா என்பார்கள். அதன் ஓயாத ஆட்டத்தைப் பார்த்தால் பைத்தியம் என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது புரியும். தமிழகத்தில் காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் கத்துவதால் ஆறுமணிக்குருவி என்று அழைக்கப்படும் பறவைக்கு, மலாயாத் தீபகற்பத்தின் மேற்குக் கரை அலையாத்திக் காடுகளில் ஓர் உறவினர் உண்டு. பல நிறம் கொண்ட அந்தக் குருவி தரையில் நண்டு தேடும். கண்ணில் படுவது அபூர்வம்.

தலைக்கு மேலே வட்டமிடுவது பெரும்பாலும் செம்பருந்து. வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடலும் கொண்ட இதைத்தான் நம்மவர்கள் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அதைவிடப் பெரியதாய், வயிறு வெள்ளையாய் இருந்தால் அது கடற்கழுகு.

தேன்பருந்து போன்ற வலசைப் பருந்துகளும் இந்த நாட்டைக் கடக்கின்றன. பெரிய பருந்துகள் சிறகடித்துப் பறப்பதைவிட, வெயிலில் சூடாகி மேலெழும் காற்றில் சறுக்கிப் போவதையே விரும்பும். அப்படிப்பட்ட காற்று நிலத்தின்மேல்தான் எழும், கடல்மேல் எழுவது குறைவு. அதனால் கடலுக்குள் நீண்டிருக்கும் முனைகளைத் தேடிச் சேர்ந்து, மிகக் குறுகிய இடத்தில் கடலைக் கடக்கும். மலாக்கா எல்லையோரத் தஞ்சோங் துவானில் மார்ச் மாதவாக்கில் சுமத்ராவிலிருந்து வடக்கே திரும்பும் பருந்துகளை மலேசிய இயற்கைக் கழகம் ஆண்டுதோறும் எண்ணுவதும் இந்தக் காரணத்தால்தான். தஞ்சோங் பியாயிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை காலை பத்து மணிக்குமேல் வானத்தை நிமிர்ந்து பார்ப்பது வீண் போகாது.

போவதற்கு முன்

முதலில் பார்க்க வேண்டியது கடல் ஏற்ற அட்டவணை. மலாயில் ஆயர் பாசாங், ஆயர் சூருட் என்பார்களே, அதுதான். நீர் முழுதும் வற்றியிருந்தால் பறவைகள் வெகுதூரம் தள்ளிப் புள்ளிகளாகத் தெரியும். முழுதும் ஏறிவிட்டால் சேறே இருக்காது. பறவைகள் ஒதுங்கி ஓய்வெடுக்கும். ஏறத் தொடங்கிய நீர் பறவைகளைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வரும் நேரமே சிறந்தது. உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே அங்கே இருப்பது நல்லது. ஏற்ற நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், போன வாரம் பார்த்த நேரம் இந்த வாரம் பொருந்தாது.

ஜொகூர் பாருவிலிருந்து காரில் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். பொந்தியான் கெச்சிலிலிருந்து வருபவர்கள் குக்குப் சாலையில் தெற்கே இறங்கலாம். பொதுப் பேருந்தை நம்புவதைவிட நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வேன் பிடிப்பது வசதி. நடைபாதைப் பழுதுபார்ப்புக்காகச் சில பகுதிகள் மூடப்படுவதுண்டு. பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது அலைச்சலை மிச்சப்படுத்தும்.

கொண்டுபோக வேண்டியவை: குடிநீர், தொப்பி, கொசு மருந்து, நீளக்கைச் சட்டை, மழைக்கோட்டு. சிவப்பு, மஞ்சள் போன்ற பளிச்சென்ற உடை வேண்டாம். தின்பண்டப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு பறித்துக்கொண்டு போய்விடும். பைக்குள் வைத்து மூடிவிட வேண்டும்.

தொலைநோக்கியில் 8×42 என்று எழுதியிருந்தால், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். தொடங்குபவர்களுக்கு அதுவே போதும். மடங்கு கூடக்கூடக் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். குடும்பத்துக்கு ஒன்று இருந்தால் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். கைப்பேசியில் மெர்லின் என்ற இலவசச் செயலி, பறவையின் அளவு, நிறம், இருந்த இடம் ஆகியவற்றைக் கேட்டு அது எதுவாக இருக்கலாம் என்று சொல்லும்.

பறவையைப் பார்த்ததும் புத்தகத்தைப் புரட்டக் கூடாது. முதலில் பறவையை நன்றாகப் பார்க்க வேண்டும்: அளவு மைனாவைவிடப் பெரிதா சிறிதா, அலகு நேரா வளைவா, காலின் நிறம் என்ன, நடக்கிறதா ஓடுகிறதா. இவ்வளவையும் ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொண்டபின் பெயரைத் தேடலாம். அதற்குள் பறவை பறந்துவிட்டாலும் குறிப்பு இருக்கும்.

கிட்டப்போய்ப் படம் எடுக்கும் ஆசையில் கூட்டத்தை எழுப்பிவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. ஒவ்வொரு முறை பயந்து எழும்போதும் அந்தப் பறவை, வடக்கே திரும்பச் சேர்த்துவைத்த கொழுப்பைச் செலவழிக்கிறது. பறவைகள் தலை தூக்கி ஒரே பக்கமாகப் பார்க்கத் தொடங்கினால் அங்கேயே நின்றுவிட வேண்டும். ஒலிபெருக்கியில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பதும், டிரோன் பறக்கவிடுவதும், நடைபாதையிலிருந்து இறங்குவதும் வேண்டாம். வலை விரிப்பதையோ கூண்டு வைப்பதையோ கண்டால் பூங்கா ஊழியரிடம் சொல்லலாம். அனுமதியின்றிப் பாதுகாக்கப்பட்ட பறவைகளைப் பிடிப்பது 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கரை தேய்கிறது

முனையில் நின்று கடலைப் பார்த்தால் கப்பல்கள் வரிசையாகத் தெரியும். தென்மேற்கே இந்தோனேசியாவின் காரிமுன் தீவு. உலகின் மிகப் பரபரப்பான கடல்வழிகளில் ஒன்று இந்தக் கரையை ஒட்டிப் போகிறது. கப்பல்கள் கிளப்பும் அலையும் இயற்கை அலையும் சேர்ந்து, பாக்காவ் மரங்களின் அடிமண்ணைக் கரைக்கின்றன. வேர் வெளியே தெரிந்து சாய்ந்த மரங்களைக் கரையோரத்தில் காணலாம். மரம் விழுந்தால் மண்ணைப் பிடித்துவைக்க ஆளில்லை; அடுத்த வரிசை மரத்துக்கு ஆபத்து. அலையைத் தடுக்கக் கற்களும், மணல் நிரப்பிய பெரிய துணிக்குழாய்களும் இப்பகுதியில் போடப்பட்டுள்ளன.

எண்ணெய்க் கசிவு மற்றோர் அச்சம். 1997 அக்டோபர் 15ஆம் நாள் சிங்கப்பூர் நீரிணையில் எவோய்கோஸ் என்ற எண்ணெய்க் கப்பல் இன்னொரு கப்பலோடு மோதியபோது 28,000 டன்னுக்கு மேற்பட்ட எண்ணெய் கடலில் கலந்தது. மணல் கரையில் ஒட்டிய எண்ணெயை வழித்து எடுக்கலாம். மூச்சுவேர்களில் படிந்த எண்ணெயை எடுப்பது அவ்வளவு எளிதல்ல. மூச்சு அடைபட்டு மரமே பட்டுப்போகும்.

சுங்கை பூலாய் முகத்துவாரத்தைச் சுற்றித் தஞ்சோங் பெலெப்பாஸ் துறைமுகம், தஞ்சோங் பின் நிலக்கரி மின்நிலையம், கடலைத் தூர்த்து எழுப்பிய ஃபாரஸ்ட் சிட்டி ஆகியவை அடுத்தடுத்து வந்தன. இவற்றால் வேலை கிடைத்தவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். வளர்ச்சி வேண்டாம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் சுற்றிலும் கரை மாறமாற, மிஞ்சிய சேற்றின் மதிப்பு கூடுகிறது. 2018 இறுதியில் பூலாவ் குக்குப்பின் தேசியப் பூங்காத் தகுதி பற்றி நாடு முழுதும் விவாதம் எழுந்தபோது, அதுவரை அந்தத் தீவின் பெயரையே கேட்டிராத பலர் அதைப் பற்றிப் பேசினார்கள்.

சேறு போனால் என்ன ஆகும் என்பதை மஞ்சள் கடல் காட்டியது. சீனாவுக்கும் கொரியாவுக்கும் இடையிலான அந்தக் கடலின் ஓரச் சேற்றுப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஐம்பது ஆண்டுகளில் அழிந்தது. அதை நம்பியிருந்த பறவைகளின் எண்ணிக்கை ஆஸ்திரேலியாவில் குறைந்தது. ஓர் இடத்தில் கரை போனால், ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பறவை வராமல் போகிறது.

மனிதருக்கும் இதில் பங்கு உண்டு. மீனும் இறாலும் நண்டும் குஞ்சாக வளருவது அலையாத்தி வேர்களுக்கிடையில்தான். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டக் கரையில் செய்த ஆய்வு, அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் குறைந்த சேதத்தோடு தப்பியதைக் காட்டியது.

தோட்டத்திலேயே தொடங்கலாம்

தஞ்சோங் பியாய் எல்லாருக்கும் பக்கம் அல்ல. குளுவாங்கிலும் சிகாமட்டிலும் இருப்பவர்கள் வீட்டு வாசலிலேயே தொடங்கலாம். நல்ல எடுத்துக்காட்டு கூகை. ஆந்தை அலறினால் வீட்டுக்கு ஆகாது என்று லயத்து வீடுகளில் பயந்த காலம் உண்டு. மலாய்க்காரர்களும் ஆந்தையைப் புரோங் ஹந்து, அதாவது பேய்ப் பறவை என்றே அழைத்தார்கள். இன்று அதே பறவைக்குச் செம்பனைத் தோட்டங்களில் கம்பம் நட்டு, பெட்டி கட்டி வீடு கொடுக்கிறார்கள். குஞ்சுகளோடு இருக்கும் ஒரு கூகை இணை, ஆண்டில் ஆயிரம் எலிகளுக்கு மேல் பிடிக்கும் என்பது கணக்கு. எலி விஷம் வைத்தால், அதைத் தின்ற எலியைத் தின்று கூகையும் சாகும். அதனால் பெட்டியையும் விஷத்தையும் ஒரே இடத்தில் வைப்பது வீண்செலவு.

பயன் தெரிந்தால் மக்களே காவல் நிற்பார்கள் என்பதற்கு வேடந்தாங்கல் சாட்சி. ஏரியில் விழும் பறவை எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாகிறது என்பதைக் கண்ட அவ்வூர் மக்கள், பறவைகளைச் சுடுவதை எதிர்த்து முறையிட்டு, 1798இல் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து பாதுகாப்பு உரிமை பெற்றார்கள். சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பக்கத்து வேட்டங்குடி சரணாலயப் பறவைகள் மிரளும் என்று பல ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை.

ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1987இல் தொடங்கிய இந்தப் பணியை ஒவ்வொரு நாட்டிலும் பெரும்பாலும் தன்னார்வலர்களே செய்கிறார்கள். மலேசிய இயற்கைக் கழகத்துக்கு ஜொகூரிலும் கிளை உண்டு; அனுபவம் உள்ளவர்களோடு போனால் ஒரே காலையில் இருபது பறவைகளின் பெயர் பழகிவிடும். தமிழ்ப்பள்ளிகளின் கழகங்களும், கோயில் இளைஞர் பிரிவுகளும் ஆளுக்கு ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒரே மாதத்தில் ஒரே இடத்துக்குப் போய் எண்ணி வந்தால் போதும். ஐந்து ஆண்டுகளில் அந்த நோட்டுகளை அடுக்கிப் பார்த்தால், பவளக்காலிகள் கூடினவா குறைந்தனவா என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.